தடித்த கழுத்துள்ள கிட்டார் விற்பனைக்கு

டவுன்ஷிப்பின் பதினேழாவது பிளாக்கில் எந்த வீட்டு வாசலில் எந்த வண்டி நின்றது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்பது வேறு எங்கே பதிவாகாமல் போனாலும் பட்டம்மாள் அக்காவிடம் பதிவாகிவிடும். முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் வாசலில் நிற்பார். ஒரே ஒரு முருங்கைக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை தண்ணீர் எதற்கு என்று அவர் புருஷன் ராமசாமி கேட்டதில்லை. கேட்டால் அவருக்கும் தெருச் சேதி கிடைக்காமல் போகும்.

அப்படிப்பட்டவருக்கே 2017 ஆவணியிலிருந்து ஒரு விஷயம் பிடிபடவில்லை. எதிர்வீட்டு அன்புச்செல்வனைத் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்தார்கள். ஒருவனுக்கு முடி தோள்வரை. இன்னொருவன் காதில் கடுக்கன். மூன்றாவது ஆள் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, லோன் கொடுக்க வந்தவர் மாதிரி. உள்ளே போவார்கள், ஒரு மணி ஒன்றரை மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வெளியே வருவார்கள். அவ்வளவுதான், பிறகு அந்த முகத்தைத் தெருவில் பார்க்க முடியாது.

"ஏன் தம்பி, உன் பொண்ணுக்குத்தான் கல்யாணமாயி புள்ளையும் பொறந்துடுச்சே, இன்னும் யாருக்கு மாப்பிள்ளை பாத்துகினு இருக்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"கிட்டாருக்குக்கா" என்றார் அன்புச்செல்வன், ஸ்கூட்டரை உள்ளே தள்ளிக்கொண்டே. "விக்கலாம்னு போன்ல விளம்பரம் போட்டிருக்கேன். வந்து பாக்கறாங்க."

"பாத்துட்டு?"

"வீட்டுக்குப் போயி சொல்றேங்கறாங்க."

பட்டம்மாள் அக்காவுக்கு அது போதும். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க, அன்புச்செல்வன் வீட்டில் ஒரு முதிர்கன்னி இருப்பதாகவும், அது கிட்டார் என்றும், வருகிறவன் எல்லாம் மிக்சர் தின்றுவிட்டுக் கழுத்து சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போவதாகவும் பேச்சாகிவிட்டது.

பேச்சு கேலிதான், ஆனால் அத்தனையும் உண்மை. கழுத்துதான் பிரச்சினை.

அன்புச்செல்வனுக்கு ஐம்பத்தைந்து வயது. நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் ஃபிட்டர். ஒரு காலத்தில் டவுன்ஷிப் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் ஒவ்வொரு பிளாக்கிலும் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்கள். இந்த ஊரில் ஒரு வசதி உண்டு, எல்லா மாவட்டத்து ஆளும் பக்கத்து வீட்டிலேயே கிடைப்பான். ஒரு வசதிக்குறைவும் உண்டு, ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு அவனவன் மாவட்டத்துக்கே போய்விடுவான். டிரம்ஸ் வாசித்தவர் தென்காசிக்குப் போனார். கீபோர்டு சேலத்துக்குப் போனார். பாடினவர் திருவாரூரில் மகன் வீட்டோடு இருக்கிறார், தொண்டையில் ஏதோ ஆபரேஷன் என்று கேள்வி. அவர்கள் ஒவ்வொருவரின் பீரோவையும் லாரியில் ஏற்றிவிட்டவர் அன்புச்செல்வன். டிரம்ஸ்காரரின் பீரோவை ஏற்றும்போதுதான் கதவிடுக்கில் இடது கைப் பெருவிரல் நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் மூட்டு முழுதாக மடங்க மறுத்துவிட்டது.

கிட்டார் வாசிப்பவனுக்கு இடது பெருவிரல் கழுத்தின் பின்னால் நின்று தாங்க வேண்டும். கழுத்து ஒல்லியாக இருந்தால் விரல் மடங்கி அழுத்த வேண்டியிருக்கும். அதுவரை வைத்திருந்த ஒல்லிக் கழுத்துக் கிட்டாரில் பத்து நிமிடம் வாசித்தாலே கண்ணில் தண்ணீர் வந்தது. குழுவின் ஸ்டோர் ரூமில் கல்கத்தாவில் செய்த பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று கிடந்தது. கழுத்து தடி, உருண்டை. பிடித்தால் அம்மிக் குழவியைப் பிடித்த மாதிரி என்று யாரும் தொட மாட்டார்கள். அன்புச்செல்வன் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கை நிறைந்தது. பெருவிரல் மடங்க வேண்டிய வேலையே இல்லை, சும்மா சாய்ந்துகொண்டது. தன்னுடையதைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டு அன்றைக்கே அதை மாற்றிக்கொண்டார்.

மனைவி அமிர்தம், மகள் சங்கீதாவின் பிரசவத்துக்குத் துணையாக மூன்று மாதத்தில் வருகிறேன் என்று பெங்களூர் போனவர். இரண்டு வருடம் ஆயிற்று. சண்டை ஒன்றுமில்லை. பட்டம்மாள் அக்கா நன்றாகத் துருவிப் பார்த்துவிட்டார், நிஜமாகவே சண்டை இல்லை. குழந்தைக்குப் பல் முளைத்தது, பிறகு காய்ச்சல், பிறகு பிளே ஸ்கூல். அங்கே அமிர்தத்துக்கு வேலை ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டே இருந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு வீடியோ கால் வரும். "சாப்டீங்களா? பிபி மாத்திரை போட்டீங்களா?" பிறகு போனைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடிப்பார். குழந்தை சிவப்புப் பட்டனை அமுக்கிவிடும். அதோடு அடுத்த ஞாயிறு.

விற்கச் சொன்னது அமிர்தம்தான். "இன்னும் மூணு வருஷத்துல காலி பண்ணணும். இப்பலேர்ந்தே ஒண்ணொண்ணா கழிச்சுக் கட்டுங்க. முதல்ல அந்தக் கட்டைய வித்துடுங்க." அன்புச்செல்வன் நல்ல புருஷன். போட்டோ எடுத்து ஓஎல்எக்ஸில் போட்டார்.

முதலில் வந்தது விருத்தாசலத்து எஞ்சினியரிங் மாணவன். கிட்டாரைக் கையில் வாங்கினான், இரண்டு தடவை மேலும் கீழும் கையை ஓட்டினான்.

"அங்கிள், என்ன அங்கிள் இது நெக்கு? ரோடு ரோலர் மாதிரி இருக்கு."

"தம்பி, நெக்குன்னா கைக்குள்ள ஏதோ இருக்குன்னு தெரியணும். உங்க காலத்து கிட்டாரெல்லாம் ஸ்கேல் மாதிரி இருக்கு. ஸ்கேலுக்குக் கம்பி கட்டி வாசிப்பீங்களா?"

"ஸ்பீடு வேணும்ல அங்கிள்!"

"எங்க போகப் போற அவ்ளோ ஸ்பீடா?"

ஒன்றரை மணி நேரம். அரைக் கிலோ மிக்சர் காலி. அவன் வாங்கவில்லை. அவன் பைக் திருப்பத்தில் மறைந்த பிறகு அன்புச்செல்வன் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். தொண்டை கரகரத்தது. ஜலதோஷமோ என்று யோசித்தார். இல்லை, பேசியிருக்கிறார். அந்த மாதம் முழுவதும் பேசியதைவிட அந்த ஒன்றரை மணி நேரத்தில் அதிகம் பேசியிருக்கிறார்.

விளம்பரத்தை அவர் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பட்டம்மாள் அக்கா முருங்கைக்குப் பக்கத்திலிருந்து பார்த்தார். வடலூரிலிருந்து வந்தவருக்குக் கழுத்து பிடித்திருந்தது, வார்னிஷ் பிடிக்கவில்லை, கையில் ஒட்டுகிறது என்றார். கடலூர் சர்ச்சில் வாசிக்கும் அருண்ராஜுக்கு வார்னிஷ் பிடித்திருந்தது, கழுத்தின் பின்பக்கம் உருண்டையாக இல்லாமல் நடுவில் கொஞ்சம் கூராக இருந்தால்தான் தனக்குச் சரிப்படும் என்றார். ஒவ்வொருவனும் தன் கைதான் உலகத்துக்கு அளவு என்று பேசினான். அதில் அன்புச்செல்வனுக்கு அலாதி சந்தோஷம். மறுத்துப் பேசுவார், டீ போடுவார், மறுபடி மறுத்துப் பேசுவார்.

ஒரே ஒரு தடவை நிலைமை கை மீறப் பார்த்தது. ஒருவன் "சரி அங்கிள், எடுத்துக்கறேன்" என்று பர்ஸை எடுத்தான். அன்புச்செல்வன் பதறிப்போய், கழுத்தின் ஏழாவது கட்டத்தில் கம்பி தட்டி இரைச்சல் வருவதையும், ஒரு திருகு ஸ்ருதி நிற்காமல் நழுவுவதையும், மழைக்காலத்தில் கழுத்து வளைவதையும் தானே எடுத்துச் சொல்லி, அவன் பர்ஸைத் திரும்பச் சட்டைப்பையில் வைக்கும்வரை விடவில்லை. தன் பொருளை இப்படிக் குறை சொல்லி விற்ற வியாபாரி பண்ருட்டி மண்டியில்கூடக் கிடையாது.

இனி இப்படி ஆபத்து வரக் கூடாது என்று அன்றைக்கே ஒரு வேலை செய்தார். ஃபிட்டருக்குப் புத்தி எங்கே போகும்? இயந்திரப் பாகங்களின் கனம் அளக்கிற வெர்னியர் காலிப்பரை எடுத்தார். கழுத்தை அளந்தார். விளம்பரத்தைத் திருத்தினார்: "முதல் கட்டத்தில் கழுத்தின் கனம் 25 எம்.எம். பன்னிரண்டாவது கட்டத்தில் 26.5. மிகவும் தடியானது. கையில் பிடித்துப் பார்க்க விரும்புவோர் மட்டும் நேரில் வரவும்."

இந்த அளவைப் பார்த்தால் வாங்குகிறவன் ஓடிவிடுவான், வாதம் செய்கிறவன் மட்டும் வருவான் என்பது கணக்கு. முப்பது வருஷம் இயந்திரத்துக்கு அளவெடுத்த மனிதர். அந்த அளவையே தேடிக்கொண்டு ஒரு கை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மாசியில் ஒரு புதன்கிழமை. அன்புச்செல்வனுக்கு முதல் ஷிப்ட், இரண்டரை மணிக்கெல்லாம் வீட்டில். பண்ருட்டி பஸ்ஸில் வந்து, ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தவர் பெயர் சடையப்பன். ஐம்பது வயதிருக்கும். வேட்டி சட்டை. கையில் ஒரு பொட்டலம் முந்திரிப்பருப்பு.

"சார், இருவத்தஞ்சு எம்எம்னு போட்டிருந்தீங்களே, அது நெசந்தானுங்களா?"

"வெர்னியர் வெச்சுப் பாத்தது."

"கொஞ்சம் கையில குடுங்க."

வாங்கினார். வாசிக்கவில்லை. கழுத்தைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எல்லாம் கையை ஓட்டிப் பார்ப்பார்கள், இவர் அசையவேயில்லை. அன்புச்செல்வன் அவருடைய பெருவிரலைப் பார்த்தார். மூட்டு வீங்கி, கொட்டைப் பாக்கு மாதிரி இருந்தது.

"முந்திரி வறுக்கற டிரம்மு சுத்தறதுங்க. இருவது வருசம். ராத்திரியில திருவிழாக் கச்சேரி, பகல்ல டிரம்மு" என்றார் சடையப்பன். "இப்ப நாலு பாட்டுக்கு மேல முடியல சார். கட்டவெரலு விட்டுப்போவுது. பங்குனி உத்திரத்துக்கு மந்தாரக்குப்பத்துல எங்க செட்டு வாசிக்குது. இந்தத் தடவையும் நடுவுல நிறுத்தினேன்னா வேற ஆளப் போட்டுடுவேன்னு சொல்லிட்டாரு ஓனரு."

"உங்க கிட்டாரு ஒல்லி நெக்கா?"

"பென்சிலுங்க!"

அன்புச்செல்வனுக்குச் சிரிப்பு வந்தது. தன் இடது கையை நீட்டி, மடங்காத பெருவிரலைக் காட்டினார். "பீரோ" என்றார். சடையப்பன் தன் விரலை அதன் பக்கத்தில் நீட்டினார். "டிரம்மு" என்றார். இரண்டு கிழட்டு விரல்களும் கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

பிறகு வாசித்தார்கள். இருப்பது ஒரு கிட்டார். இவர் ஒரு பாட்டின் முதல் துண்டை வாசித்து மடிக்கு மடி மாற்றிக் கொடுப்பார், அவர் இரண்டாவது துண்டை வாசிப்பார். மாற்றும்போது கழுத்து சூடாக இருக்கும், மற்றவர் கைச் சூடு. மூன்று டீ. முந்திரிப்பருப்பை இருவருமே தின்று தீர்த்தார்கள். பட்டம்மாள் அக்கா முருங்கைக்கு ஐந்தாவது தடவை தண்ணீர் விட்டார். அந்த வீட்டிலிருந்து மனிதர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று அவருக்கே ஞாபகமில்லை.

ஐந்தரை மணிக்குச் சடையப்பன் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, வேட்டி மடிப்பிலிருந்து மசிக்கறை பட்ட ஒரு கவரை எடுத்தார்.

"எடுத்துக்கறேன் சார். நீங்க போட்ட வெலதான். பேரம் பேசல."

இரைச்சலைச் சொல்லலாம் என்று அன்புச்செல்வன் வாயைத் திறந்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசித்தவரிடம் என்னவென்று சொல்வது? ஏழாவது கட்டத்தை லேசாகத் தொட்டு வாசிக்க அவர் அதற்குள் பழகியும்விட்டார். அன்புச்செல்வன் சுவரைப் பார்த்தார். அது போய்விட்டால் இந்த வீட்டுக்கு யார், எதற்காக வருவார்கள்? மின்சார ரீடிங் எடுக்கிறவனும் மாதம் ஒரு தடவைதான் வருகிறான்.

"அது வந்து... நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு."

சடையப்பன் கவரைப் பிடித்தபடியே நின்றார். "நேத்தா? இன்னிக்குக் காலைல போன்ல வாங்கன்னீங்களே சார்."

"மறந்துட்டேன்."

சொன்னவருக்கே அது காதில் விழ நன்றாக இல்லை. சடையப்பன் கவரை மடிப்பில் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

வாசலைத் தாண்டியதும் எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. பட்டம்மாள் அக்காவுக்குக் கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. மனதில் இருப்பது வாய்க்கு வர நேரம் ஆகாது, அவ்வளவுதான்.

"உங்களுக்கும் இல்லேன்னுட்டாரா? விடுங்க. நீங்க பதிமூணாவது ஆளு. அது விக்கறதுக்கு இல்லீங்க, பேச்சுத் தொணைக்கு ஆளு புடிக்கறதுக்கு. பாவம், பொண்டாட்டி ஊர்ல இல்ல."

ஜன்னலுக்குப் பின்னால் நின்ற அன்புச்செல்வனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. தெருவுக்கே தெரிந்திருக்கிறது. தனக்குக்கூட இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

சடையப்பன் திரும்பி வந்தார். படியேறவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"ஆளு வேணும்னா ஆளு வேணும்னு போட்டிருக்கலாமே சார். ஞாயித்துக்கெழமையில சும்மாவே வந்திருப்பேன். இன்னிக்கு அரை நாள் வேலைய உட்டுட்டு வந்தேங்க."

அவர் போனார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேதான்.

அடுத்த இரண்டு வாரத்தில் அன்புச்செல்வன் அவருக்கு ஆறு தடவை போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றுவிடும். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து ஒரு பையன் வந்து, ரொம்பத் தடி அங்கிள் என்றான். "ஆமாம்பா, தடிதான்" என்று சொல்லி அன்புச்செல்வன் பத்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். டீகூடப் போடவில்லை. பட்டம்மாள் அக்காவே கவலைப்பட்டுப் போய், ஒரு கிண்ணத்தில் முருங்கைக்கீரைப் பொரியல் கொண்டுவந்து கொடுத்தார். வாய் தவறிச் சொன்னதற்கு அபராதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பங்குனி உத்திரத்தன்று அன்புச்செல்வனுக்கு இரண்டாவது ஷிப்ட். முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கச்சேரிக்கு என்று எழுதி லீவு போட்டார். கிட்டாரை உறையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் மந்தாரக்குப்பத்துக்குப் போனபோது வெளிச்சம் இருந்தது. மேடைக்குப் பின்னால் தட்டி மறைப்பில், ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து சடையப்பன் பெருவிரலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏறிட்டுப் பார்த்தார்.

"அட்வான்ஸ் குடுத்தவரு?"

"அப்படி யாரும் இல்ல."

"தெரியும்."

அன்புச்செல்வன் ஜிப்பைத் திறந்து கிட்டாரை நீட்டினார். "புதுக் கம்பி போட்டிருக்கேன். நழுவின திருகையும் சரி பண்ணிட்டேன், ஸ்ருதி நிக்கும். ஏழாவது கட்டம் மட்டும் அப்படியேதான் இருக்கு, உங்களுக்குத் தெரியும்."

சடையப்பன் கழுத்தைப் பிடித்தார். தைலக் கை வழுக்கியது. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். பிறகு மடிப்பிலிருந்து அதே கவரை எடுத்தார். மேலே மசிக்கறை, அதே கவர்தான். அன்புச்செல்வன் வேண்டாம் என்று கையசைத்தார்.

"இல்ல சார், வாங்கிக்குங்க. நான் ஒண்ணும் எரவல் வாங்க வரல" என்றார் சடையப்பன். குரலில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. அன்புச்செல்வன் வாங்கிக்கொண்டார்.

முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது, அன்புச்செல்வன் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு குடும்பம் சுண்டலோடு. பதினோரு பாட்டு. அன்புச்செல்வன் பாட்டைக் கேட்கவில்லை, மேடையில் ஒரு பெருவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தின் பின்னால் அது சாய்ந்தபடியே இருந்தது. ஒரு தடவைகூடச் சடையப்பன் கையை உதறவில்லை. எட்டாவது பாட்டில் நடுவே கிட்டாருக்கென்று ஒரு நீளமான துண்டு வந்தது. சடையப்பன் வாசித்து முடித்ததும் கூட்டம் விசிலடித்தது. அன்புச்செல்வன் பக்கத்தில் இருந்தவரிடம், "அது என் கிட்டாருங்க" என்றார். அந்த ஆளுக்கு ஸ்பீக்கர் சத்தத்தில் கேட்கவில்லை. "ஆமாங்க, செம கூட்டம்" என்றார்.

கச்சேரி முடிந்து வேனில் சாமான் ஏற்றினார்கள். அன்புச்செல்வன் பழக்கதோஷத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். சடையப்பன் முன் சீட்டில் மடியில் கிட்டாரோடு உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, "வரேன் சார்" என்றார். வேன் பண்ருட்டி ரோட்டில் திரும்பியது. அன்புச்செல்வனின் முதுகில் வெறும் உறை மட்டும் இருந்தது. கொடுக்க மறந்துவிட்டார்.

ஞாயிறு பத்து மணிக்கு அமிர்தம் வந்தார், போனில். "வித்தாச்சா? அப்பாடா! அடுத்தது அந்தத் தையல் மெஷினு" என்றார். குழந்தை சிவப்புப் பட்டனை அமுக்கியது.

அன்றைக்கு வாசலில் எந்த வண்டியும் நிற்கவில்லை. பட்டம்மாள் அக்கா காலையில் ஒரே தடவை தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். பார்க்க என்ன இருக்கிறது?

மூன்று மணிக்குப் போன் அடித்தது. புது நம்பர், பெண் குரல்.

"சார், ஓஎல்எக்ஸ்ல கிட்டார் பாத்தேன். சிதம்பரத்துலேர்ந்து பேசறேன், இசைப்பிரியான்னு. இருக்குங்களா?"

விளம்பரத்தை எடுக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இருக்கு, வாங்க என்று சொல்ல நாக்கு தானாகவே எழுந்தது. ஆணியில் தொங்கிய வெறும் உறையைப் பார்த்தார்.

"வித்துடுச்சும்மா."

"ஓ. சரி சார், பரவால்ல."

"ஒரு நிமிஷம்மா" என்றார் அன்புச்செல்வன் அவசரமாக. "வெச்சுடாதீங்க. நீங்க எந்த மாதிரி நெக்கு புடிப்பீங்க? தடியா, ஒல்லியா?"

வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தார். பிறகு ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது.

"என் கை ரொம்பச் சின்னது சார். எல்லாரும் ஒல்லியாத்தான் வாங்கணும்னு சொல்றாங்க. ஆனா எனக்கு என்னவோ..."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பட்டம்மாள் அக்கா பார்த்தபோது அன்புச்செல்வன் வாசற்படியில் உட்கார்ந்து ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இடது கை மட்டும் முன்னால் நீண்டு, எதையோ பிடித்திருப்பதுபோல் வளைந்திருந்தது. விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இருந்த இடைவெளியை வெர்னியர் வைத்துப் பார்த்திருந்தால் இருபத்தைந்து எம்எம் காட்டியிருக்கும். நாலு நிமிடம் இருக்கும். பிறகு அந்தப் பெண் வைத்துவிட்டாள்போல. போன் கீழே இறங்கியது. கை அப்படியே இருந்தது.

பட்டம்மாள் அக்கா வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.